பதினைந்து வயதில் 51 புள்ளிகள்: ஐரோப்பிய இளையோர் கூடைப்பந்தில் ஸ்கவுட் எதைத் தேடுகிறார்?

ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஐரோப்பாவில் 16, 18, 20 வயதுக்கு உட்பட்டோருக்கான கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் தொடர்கள் நடக்கின்றன. தொடர் தொடங்கிய இரண்டாம் நாளே, யாரோ ஓர் இளைஞர் 30 புள்ளிகள் குவித்த ஆட்டத்தின் காணொளித் துண்டு, ‘அடுத்த லூகா டோன்சிச்’ (அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் நட்சத்திரமான ஸ்லோவேனிய வீரர்) என்ற தலைப்போடு கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். தொடர் முடியும்போது, அதிகப் புள்ளி எடுத்தவரை ஏதோ ஓர் அமெரிக்க அணி கொத்திக்கொண்டு போகப்போகிறது என்ற பேச்சு எழும். அப்படி நடக்காவிட்டால், வீரர்களைத் தேடும் ஸ்கவுட்களுக்குக் கண்ணே இல்லை என்ற ஏச்சும் வரும். இரண்டு பேச்சுக்கும் அடியில் கிடப்பது ஒரே தவறான எண்ணம்: அரங்கில் இருப்பவர்களில் மிகச் சிறந்த வீரரைக் கண்டுபிடிப்பதுதான் ஸ்கவுட்டின் வேலை என்பது.

அதற்குத் தனியாக ஓர் ஆள் தேவையில்லை; புள்ளிப் பலகையே சொல்லிவிடும். ஸ்கவுட் என்பவர் ஒரு கிளப்புக்காகவோ, தொழில்முறை அணிக்காகவோ, வீரர்களின் முகவருக்காகவோ ஆட்டங்களை நேரில் பார்த்து, வீரர்களைப் பற்றி எழுத்தில் அறிக்கை தருபவர். இன்று கண்ணுக்குத் தெரிகிற ஆட்டத்தில் எவ்வளவு, இந்தப் பையனுக்கு 23 வயதாகும்போதும் அவனிடம் மிஞ்சியிருக்கும்? அவர் விடை தேடுவது இந்த ஒரு கேள்விக்கு. இந்தக் கட்டுரை அந்த விடை எப்படித் தேடப்படுகிறது என்பதைப் பற்றியது.

தொடர் என்றால் எப்படிப்பட்டது?

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா நடத்தும் ஐரோப்பிய இளையோர் தொடர்களில் நாட்டு அணிகள் மோதுகின்றன. வயதைப் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுவார்கள். எடுத்துக்காட்டாக, 2024ஆம் ஆண்டின் 18 வயதுக்கு உட்பட்டோர் தொடரில் 2006 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் ஆடலாம். மேல்மட்டமான ‘ஏ’ பிரிவில் 16 அணிகள், அணிக்கு 12 வீரர்கள். ஏறக்குறைய ஒன்பது நாள்களில் ஒவ்வோர் அணியும் ஏழு ஆட்டங்கள் ஆடிவிடும். தோற்ற அணி மூட்டை கட்டுவதில்லை; ஒன்பதாம் இடத்துக்கும் பதின்மூன்றாம் இடத்துக்கும்கூட ஆட்டங்கள் உண்டு.

இவை தவிர, கிளப்புகளின் 18 வயதுக்கு உட்பட்ட அணிகள் மோதும் ‘அடிடாஸ் நெக்ஸ்ட் ஜெனரேஷன் டோர்னமென்ட்’ என்று வெகுகாலம் அழைக்கப்பட்ட தொடரை, ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் லீக்கான யூரோலீக்கின் அமைப்பு நடத்துகிறது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1958 முதல் நடந்துவரும் ஆல்பர்ட் ஷ்வைட்சர் தொடரும் இத்தொழிலில் இருப்பவர்கள் தவறவிடாத ஒன்று.

ஸ்கவுட்டுக்கு இத்தகைய தொடர்களால் கிடைக்கும் முதல் பயன் ஒப்பீடு. ஒரு லாட்வியப் பையன் தன் ஊர் லீக்கில் ஆட்டத்துக்கு 25 புள்ளிகள் எடுக்கிறான், ஒரு ஸ்பெயின் பையன் தன் ஊரில் 12 எடுக்கிறான் என்றால், யார் மேல் என்று அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது, ஏனெனில் எதிரே நின்றவர்கள் வேறு. இருவரையும் ஒரே தளத்தில், ஒரே வயதினர் நடுவே, ஒரே வாரத்தில் பார்க்க முடிவதுதான் தொடரின் மதிப்பு. புதியவரைக் ‘கண்டுபிடிப்பது’ என்பது அபூர்வமாகவே நடக்கிறது. 18 வயது அணிக்குள் வந்துவிட்ட பையனின் பெயர் பெரும்பாலும் ஏற்கெனவே பலருடைய பட்டியலில் இருக்கும்.

உயர வரிசையும் உடலின் வயதும்

பள்ளிக் காலைக் கூட்டத்தில் மாணவர்களை உயர வரிசையில் நிறுத்துவார்கள் அல்லவா? எட்டாம் வகுப்பில் கடைசியில், எல்லோர் தலைக்கும் மேலே தலை தெரிய நின்ற பையன், பன்னிரண்டாம் வகுப்பு வரும்போது வரிசையின் நடுவுக்கு வந்திருப்பான். முன்னால் நின்றவர்களில் ஒருவன் அவனைத் தாண்டிப் பின்னால் போயிருப்பான். முதலாமவன் குட்டையாகிவிடவில்லை. அவனுடைய வளர்ச்சி சீக்கிரம் வந்து சீக்கிரம் நின்றது, அவ்வளவுதான்.

கூடைப்பந்தில் இந்தச் சாதாரண உண்மை பெரிய சிக்கலைக் கிளப்புகிறது. ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாகப் பதின்மூன்றரை முதல் பதினான்கு வயது. பெண் பிள்ளைகளுக்கு அது பன்னிரண்டை ஒட்டி வருகிறது. இது சராசரிதான். ஒரே நாளில் பிறந்த இரு பையன்களின் உடல் வளர்ச்சி இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின்னாக இருப்பது இயல்பு. பிறப்புச் சான்றிதழ் சொல்லும் வயதுக்கு மாறாக, உடல் வளர்ச்சிப் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை ‘உடல் முதிர்ச்சி வயது’ என்கிறார்கள். 16 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் தசை கட்டி, மீசை அரும்பி, எதிராளியைத் தோளால் இடித்துத் தள்ளிக் கூடைக்கு அடியில் போய்ப் பந்தைப் போடுகிற பையன் 28 புள்ளிகள் எடுப்பது திறமையாலும் இருக்கலாம், வெறும் முந்திய வளர்ச்சியாலும் இருக்கலாம். எதிரே நிற்பவர்களும் வளர்ந்தபின் பின்னது மறைந்துவிடும். அவன் அதுவரை இடது கையால் பந்து போடக் கற்றிருக்கவே மாட்டான். அதற்கான தேவை அவனுக்கு வந்ததே இல்லை.

இதோடு பிறந்த மாதமும் சேர்கிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள். இடையில் ஏறக்குறைய ஓர் ஆண்டு. ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் இளையோர் அணிகளில் அளவுக்கு மீறி இடம்பிடிப்பதைச் ‘சார்பு வயது விளைவு’ என்பார்கள். 1985இல் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தபோது கவனத்துக்கு வந்த இந்தப் போக்கு, இளையோர் கூடைப்பந்திலும் காணப்படுகிறது. ஆகவே அனுபவமுள்ள ஸ்கவுட்டின் கண், அணிப் பட்டியலில் உயரத்தைப் பார்க்கும் முன்பே பிறந்த தேதிக்குப் போகும்.

அதற்குப்பின் உயரத்துக்கு வருவார். ஆனால் இன்றைய உயரத்தோடு நிற்கமாட்டார். பெற்றோரின் உயரம் என்ன என்று விசாரிப்பார். பையனின் உயரம், எடை, பெற்றோரின் சராசரி உயரம் ஆகியவற்றை வைத்து வளர்ந்தபின் அவன் எவ்வளவு உயரம் இருப்பான் என்று மதிப்பிட, 1994இல் வெளியான காமிஸ்–ரோஷ் முறை போன்ற கணக்குகள் உள்ளன. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை உள்ள நீளமான ‘கை விரிவு’ அடுத்த கேள்வி. சாதாரண மனிதருக்கு இது உயரத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். நல்ல கூடைப்பந்து வீரர்களுக்குப் பெரும்பாலும் அதைவிடச் சில அங்குலம் கூடுதல். பந்தை மறிப்பது கைதானே, தலை அல்லவே.

பெண்கள் தொடர்களில், 18 வயதுப் பிரிவுக்கு வரும்போது வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருக்கும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்கவுட்டின் வேலை சற்று எளிது.

சுருக்கமாக: இளையோர் தொடரில் தெரிகிற ஆதிக்கத்தில் ஒரு பகுதி உடல் முந்தி வளர்ந்ததால் வந்தது. ஸ்கவுட் முதலில் அந்தப் பகுதியைக் கழிக்கிறார்.

ஏழு ஆட்டங்களின் எண்கள் எவ்வளவு சொல்லும்?

மிகக் குறைவாகவே சொல்லும். இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் ரசிகர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவதில் ஒரு வீரரின் உண்மையான திறன் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஆயிரம் முறை எறிந்தால் 350 முறை விழும். அவர் தொடரில் ஆட்டத்துக்கு மூன்று வீதம் ஏழு ஆட்டங்களில் 21 முறை எறிகிறார். எதிர்பார்க்கத்தக்கது ஏழு அல்லது எட்டு. ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அது ஐந்தாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். இரண்டிலும் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஐந்து விழுந்தால் 24 சதவீதம், ‘எறியத் தெரியாதவர்’ என்பார்கள். பத்து விழுந்தால் 48 சதவீதம், ‘குறி தவறாதவர்’ என்பார்கள். ஆள் ஒருவரே. இப்படிக் குறைந்த எண்ணிக்கையிலான முயற்சிகளை வைத்து முடிவு கட்டுவதால் வரும் பிழையைத்தான் ‘சிறு மாதிரிச் சிக்கல்’ என்கிறார்கள்.

அதனால் பந்து விழுந்ததா என்பதைவிட எப்படி எறியப்பட்டது என்பதை ஸ்கவுட் குறித்துக்கொள்கிறார்: கால் தரையில் எப்படி நிலைகொண்டது, பந்து கையைவிட்டுப் போகும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கிறதா, நான்காவது கால்பகுதியில் களைத்தபின்னும் அது மாறாமல் இருக்கிறதா. யாரும் மறிக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவுக்கு அவர் கூடுதல் மதிப்புக் கொடுப்பதும் இதனால்தான். எதிராளி, தூரம், அவசரம் ஆகியவற்றின் கலப்பில்லாமல் கையின் நேர்த்தியை மட்டும் அது காட்டுகிறது. இளம் வயதில் மூன்று புள்ளி எறிதல் சுமாராக இருந்தும் ஃப்ரீ த்ரோ நன்றாக இருப்பவர், பின்னாளில் நல்ல எறிவீரராகத் தேறுவார் என்று நம்புவதற்கு இடமுண்டு. ஆட்டம் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி எறிதல்களை ஸ்கவுட்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பதன் காரணமும் அதுவே. 21 முயற்சிகள் அங்கே 200 ஆகின்றன.

2006, லினாரெஸ்: ஓர் இறுதியாட்டத்தைப் பிரித்துப் பார்த்தல்

ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் 2006இல் நடந்த 16 வயதுக்கு உட்பட்டோர் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் இத்துறையில் ஒரு புராணம்போலவே பேசப்படுகிறது. ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயினின் ரிக்கி ரூபியோ, நடுக்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து கடைசி நொடியில் எறிந்த பந்து கூடையில் விழுந்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனது. இரண்டு கூடுதல் நேரங்களுக்குப்பின் ஸ்பெயின் 110–106 என வென்றது. ரூபியோவின் கணக்கு: 51 புள்ளிகள், 24 ரீபவுண்டுகள் (தவறிய எறிதலுக்குப்பின் கைப்பற்றிய பந்துகள்), 12 அசிஸ்ட்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்த பாஸ்கள்), எதிரணியிடமிருந்து பறித்த பந்துகள் 7. அவர் பிறந்தது 1990 அக்டோபர். அதாவது அப்போது வயது 15, அந்தப் பிரிவிலேயே இளையவர்களில் ஒருவர்.

காணொளித் துண்டு பார்க்கிறவர் கண்ணில் படுவது 51. அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2009 டிராஃப்ட்டில், அதாவது என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மின்னசோட்டா அணி ரூபியோவை ஐந்தாவதாகத் தேர்ந்தெடுத்தது. 2011 முதல் பன்னிரண்டு பருவங்கள் என்பிஏவில் ஆடிய அவரது சராசரி, ஆட்டத்துக்கு ஏறக்குறைய 11 புள்ளிகள், 7 அசிஸ்ட்டுகள், கிட்டத்தட்ட 2 பறிப்புகள். பெரும்புள்ளி குவிக்கும் வீரராக அவர் அங்கே ஒருபோதும் இருக்கவில்லை. எறிதல்தான் கடைசிவரை அவருடைய பலவீனமாகப் பேசப்பட்டது. லினாரெஸின் நான்கு எண்களில் பெரிதாகத் தெரிந்த 51உம் 24உம் பின்வாங்கின. ஓரத்தில் கிடந்த 12உம் 7உம் தங்கின. பந்து எங்கே போகப்போகிறது என்பதை மற்றவர்களுக்கு அரை நொடி முன்பே அறியும் தன்மைதான் அந்தச் சிறிய எண்களுக்குப் பின்னால் இருந்தது. அது உயரத்தாலோ தசையாலோ வந்ததன்று, ஆகவே எதிராளிகள் வளர்ந்தபோதும் மறையவில்லை. (2019 உலகக் கோப்பையை ஸ்பெயின் வென்றபோது தொடரின் சிறந்த வீரர் ரூபியோதான் என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.)

ஆட்டத்தில் வகிக்கும் பங்கும் இதில் சேரும். நாட்டு இளையோர் அணியில் நட்சத்திரமாக இருப்பவரின் கையில்தான் எப்போதும் பந்து இருக்கும். வளர்ந்தோர் அணியில் அவர் ஐந்தாவது முக்கியமான ஆளாக இருக்கக்கூடும். பந்து கைக்கு வருவதே அரிது. பந்தில்லாத நேரத்தில் அவர் பயன்படுவாரா என்பதைத் தொடரிலேயே ஊகித்தாகவேண்டும்.

சுருக்கமாக: பெரிய எண்ணை விட்டு, வளர்ச்சியாலும் அதிர்ஷ்டத்தாலும் எளிதில் ஊதிப்பெருகாத எண்ணைத் தேடவேண்டும்.

எட்டு நொடிகளில் என்னென்ன தெரிகிறது

ஒரு தாக்குதலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அணியின் தாக்குதலை நடத்தும் வீரரான பாயிண்ட் கார்ட் வலப்பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். அவரை மறிப்பவரின் வழியில் உயரமான சக வீரர் ஒருவர் வந்து தூண்போல் நின்று தடுக்கிறார். பிறகு கூடையை நோக்கி ஓடுகிறார். ‘பிக் அண்ட் ரோல்’ எனப்படும் இந்த அசைவுதான் இன்றைய கூடைப்பந்தின் அன்றாடச் சோறு. எதிரணியின் உயர வீரர் கூடையைக் காக்கப் பின்வாங்குகிறார். இடது மூலையில் நிற்பவரை மறித்திருந்த எதிராளி, ஓடிவருபவரைத் தடுக்க இரண்டடி உள்ளே வருகிறார். அந்த இரண்டடியால் இடது மூலை திறக்கிறது. திறந்திருப்பது ஒரு நொடிகூட இல்லை.

சராசரியான இளையோர் நட்சத்திரம் இந்த இடத்தில் தானே உள்ளே புகுந்து எறிவார். உயரமும் வேகமும் இருந்தால் விழவும் விழும், கைதட்டலும் கிடைக்கும். ஸ்கவுட் குறித்துக்கொள்வது வேறு: அந்தத் தூண் வந்து நிற்கும் முன்பே பாயிண்ட் கார்டின் கண் இடது மூலைக்கு ஒருமுறை போய்வந்ததா? பாஸ் மூலை திறக்கும் கணத்தில் கிளம்பியதா, திறந்ததைப் பார்த்தபின் கிளம்பியதா? பாஸ் சரியாகப் போயும் மூலையில் நின்றவர் எறிதலைத் தவறவிட்டால், புள்ளிப் பட்டியலில் இந்த எட்டு நொடிகளுக்கு ஒரு தடயமும் இருக்காது. நோட்டுப்புத்தகத்தில் இருக்கும்.

இதனாலேயே ஸ்கவுட் சில நிமிடங்கள் பந்தையே பார்க்காமல், ஒரே ஒரு வீரரைத் தொடர்வார். தடுப்பாட்டத்தில் அவர் எத்தனை முறை தலையைத் திருப்பித் தன் ஆளையும் பந்தையும் மாறிமாறிப் பார்க்கிறார், சக வீரர் பந்தை இழந்ததும் திரும்பி ஓடுகிறாரா நடுவரிடம் கை விரிக்கிறாரா, பயிற்சியாளர் வெளியே அழைத்தபோது பெஞ்சில் எப்படி உட்கார்ந்தார் என்பதெல்லாம் பதிவாகும். கடைசியாகச் சொன்னதற்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது என் கருத்து. பதினேழு வயதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதவர் யார்?

ஆட்ட விதிகளின் வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஃபீபா விதிப்படி தடுப்பவர் கூடைக்கு அடியிலேயே எவ்வளவு நேரமும் நிற்கலாம். என்பிஏவில் யாரையும் மறிக்காமல் அங்கே மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. மூன்று புள்ளிக் கோடு ஃபீபாவில் 6.75 மீட்டர், என்பிஏவில் பெரும்பகுதி 7.24 மீட்டர். இங்கே நெரிசலில் திணறுபவர் அங்கே தாராளமாகப் புகுந்து போகலாம். இங்கே கோட்டை ஒட்டி நின்று எறிபவருக்கு அங்கே அரை மீட்டர் கூடுதல்.

தொடர் காட்டாத வீரர்கள்

பின்னாளில் என்பிஏவின் பெரும் நட்சத்திரமான யானிஸ் அன்டெட்டோகும்போ கிரீஸில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் கிரேக்கக் குடியுரிமை 2013 மே மாதம்தான் கிடைத்தது. அதுவரை எந்த இளையோர் சாம்பியன்ஷிப்பிலும் நாட்டுக்காக அவர் ஆட வழியில்லை. ஏதென்ஸின் ஒரு சிறிய அரங்கில் இரண்டாம் நிலை லீக் ஆட்டங்களைத் தேடிப்போய்ப் பார்த்த ஸ்கவுட்களின் அறிக்கையால்தான் அந்த ஜூனில் மில்வாக்கி அணி அவரை 15ஆவதாக எடுத்தது. அப்போது 6 அடி 9 அங்குலம் எனக் குறிக்கப்பட்ட அவர், அதற்குப்பின் இரண்டு அங்குலம் வளர்ந்தார்.

நிகோலா யோக்கிச்சின் கதை வேறு வகை. செர்பியாவின் இளையோர் லீக்கில் அவர் குவித்த எண்களை மிஷ்கோ ரஸ்னாட்டோவிச் என்ற முகவர் செய்தித்தாளில் பார்த்து அவரைத் தேடிப்போனார். 2013இல் பிராக் நகரில் நடந்த 19 வயதுக்கு உட்பட்டோர் உலகத் தொடரில் வெள்ளி வென்ற செர்பிய அணியில் யோக்கிச் இருந்தார். பருத்த உடல், குதிக்காத கால்கள். தொடரின் சிறந்த வீரர் விருது அமெரிக்காவின் ஏரன் கார்டனுக்குப் போனது. பத்து ஆண்டுகள் கழித்து, 2023இல், இருவரும் ஒரே டென்வர் அணியில் என்பிஏ பட்டம் வென்றார்கள். அங்கே யோக்கிச்சுக்குத் துணையாகத்தான் கார்டன் ஆடினார்.

எளிதான நேர்வுகளும் உண்டு. லூகா டோன்சிச் 2015இல் ரியல் மாட்ரிட்டின் 18 வயது அணிக்காக நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரை வென்று சிறந்த வீரரானபோது அவருக்கு வயது 16. அதே வசந்தத்தில் அந்தக் கிளப்பின் முதன்மை அணிக்கும் ஆடிவிட்டார். தன்னைவிட மூத்தவர்கள் நடுவே ஆடியும் ஒருவரது ஆட்டம் குலையவில்லை என்றால், ஆதிக்கம் உடலின் முந்திய வளர்ச்சியால் வந்ததோ என்ற சந்தேகம் பெருமளவு தீர்கிறது. எனவேதான், தன் வயதினருக்கு எதிராக எடுத்த 30 புள்ளிகளைவிட, வளர்ந்த ஆண்களின் லீக்கில் எடுத்த எட்டுப் புள்ளிகள் அறிக்கையில் கனமாக நிற்கும்.

அறிக்கை யாருக்குப் போகிறது?

ஒரே பையனைப் பற்றி அரங்கின் மூன்று மூலைகளில் மூன்று விதமாக எழுதப்படுவது உண்டு. எழுதுபவர்களின் தேவை வேறு. ஐரோப்பியக் கிளப் ஒன்று, அவரைத் தன் இளையோர் அணியில் சேர்த்து இரண்டு மூன்று ஆண்டு வளர்க்க முடியுமா என்று பார்க்கும். அமெரிக்கக் கல்லூரி அணி அடுத்த பருவத்திலேயே ஆடக்கூடியவரைத் தேடும். 2021 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்ட அனுமதி வந்தபின், இந்தத் தொடர்களில் கல்லூரிப் பயிற்சியாளர்களின் வரத்து வெகுவாகக் கூடியிருக்கிறது. முகவர், பையன் எங்கே கையெழுத்திட்டால் அவனுடைய மதிப்பு உயரும் என்று கணக்கிடுவார்.

என்பிஏ அணிகள்தாம் மிகப் பொறுமையானவை. டிராஃப்ட் என்பது, புதிய வீரர்களை அணிகள் வரிசை முறைப்படி தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு. இரண்டு சுற்றுகள், சுற்றுக்கு 30 இடங்கள். அமெரிக்காவுக்கு வெளியே ஆடும் ஒருவர் 19 வயதாகும் ஆண்டிலிருந்து தானாக முன்வந்து பெயர் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் 22 வயதாகும் ஆண்டில் தானாகவே தகுதி பெறுவார். 16 வயதுத் தொடரில் திறக்கப்படும் ஒரு கோப்பில் ஆறு ஆண்டுகள் வரை குறிப்புகள் சேர்ந்துகொண்டே இருப்பது இதனால்தான். தேர்ந்தெடுத்தபின்னும் உடனே அழைத்துக்கொள்ளவேண்டிய கட்டாயமில்லை. யோக்கிச்சை 2014இல் 41ஆவதாக எடுத்த டென்வர் அணி, அவரை இன்னும் ஓர் ஆண்டு பெல்கிரேடின் மேகா கிளப்பிலேயே விட்டுவைத்தது. அந்தப் பருவத்தில் அவர் ஏட்ரியாட்டிக் லீக்கின் சிறந்த வீரரானார்.